பதினான்காம் எண்ணின் நிம்மதி

அந்தப் பெரிய மருத்துவமனையில் நோயாளிகள் பார்க்கிற பக்கமெல்லாம் பளபளவென்று இருக்கும். அவர்கள் பார்க்காத பக்கத்தில், சமையலறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில், சலவைக் கூடம். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு படுக்கை விரிப்புகள் அங்கே கறையோடு வந்து வெள்ளையாகத் திரும்பிப் போகும். அதில் பாதிக்கு மேல், உருளை இஸ்திரியின் வாயிலிருந்து சுடச்சுட வெளியே வரும்போது, மடிப்பு அக்காவின் கையில்தான் வந்து விழும்.

அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. இருபத்தாறு வருடமாக எல்லாரும் மடிப்பு என்று கூப்பிட்டுப் பழகியதில் அந்தப் பெயருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. மூலைக்கு மூலை பிசகாமல் மடிப்பாள். வார்டில் அலமாரியைத் திறக்கிற நர்சுகள், அடுக்கைப் பார்த்ததுமே இது யார் மடித்தது என்று சொல்லிவிடுவார்கள். வயது நாற்பத்தெட்டு. அதிர்ந்து பேசத் தெரியாது. எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். கேட்டவர் பதிலைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை, சொன்னவளும் யோசித்துச் சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர் மூலைகளைப் பிடிக்கிறவள் வெடி. சிரித்தால் கூடமே அதிரும் என்பதால் அந்தப் பெயர். தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு. அதற்குள் புருஷன், மாமியார், இரண்டு பெண்கள், கணக்கில் வராத பூனைகள். காலையில் வந்ததும் வீட்டைப் பற்றி ஒரு மூச்சு புலம்பித் தீர்ப்பாள். புலம்பி முடித்தால் அன்றைய பாரம் இறங்கிவிடும், பிறகு சாயங்காலம் வரை சிரிப்புத்தான். பன்னிரண்டு வருடமாக இந்த இரண்டு பேரும் ஒரு விரிப்பின் இரண்டு பக்கம் நின்று, ஒரு நாளைக்கு அறுநூறு தடவை ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து விலகிப் போகிறார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கூடத்துக்குள் ஒரு நாள் ஆய்வுக்காரப் பெண் வந்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள், கண்ணாடி போட்ட சின்ன முகம். அட்டைப்பெட்டி நிறையக் கைப்பட்டைகள் கொண்டுவந்திருந்தாள். கடிகாரம் மாதிரி இருந்தது, ஆனால் மணி காட்டாது. இதயத் துடிப்பு, நடை, ஏறுகிற படி, தூங்குகிற தூக்கம், தோலில் ஊறுகிற வேர்வை வரை எல்லாவற்றையும் அது அளந்து எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடுமாம். விளையாட்டு மனதுக்கு என்ன நன்மை செய்கிறது என்று பன்னிரண்டு வாரம் பார்க்கப் போகிறார்களாம். நாற்பது பெண்களையும் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேர் வாரம் மூன்று நாள் வேலை முடிந்து பேட்மிண்டன் ஆட வேண்டும். மீதிப் பேர் எப்போதும் போல் வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் என்றாள் அவள். அவ்வளவும் யாருக்கும் புரியவில்லை.

"மனசு எப்பம்மா மணிக்கட்டுக்கு எறங்கி வந்துச்சு?" என்று வெடி கேட்டாள். கூடம் சிரித்தது. ஆய்வுக்காரப் பெண்ணும் சிரித்துவிட்டு, அதைத்தான் தானும் கண்டுபிடிக்கப் பார்ப்பதாகச் சொன்னாள்.

இன்னொன்றும் இருந்தது. பட்டை ஒரு நாளைக்கு மூன்று தடவை நடுங்கும். நடுங்கினால், இப்போது மனம் எப்படி இருக்கிறது என்று பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைத் தொட வேண்டும். மடிப்பு முதல் நாள் இந்தக் கேள்வியில் திருதிருவென்று விழித்தாள். இப்படி எண் போட்டுப் பதில் சொல்கிற கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை. பத்து போட்டால் அகம்பாவம் மாதிரி இருக்கும். ஐந்து போட்டால் என்ன ஏது என்று விசாரிக்க வருவார்கள். ஆறு ஏதோ பாவம் மாதிரி. ஏழுதான் அடக்கமாகவும் இருந்தது, யாரையும் தொந்தரவு செய்யாமலும் இருந்தது. ஏழைத் தொட்டாள். அதற்குப் பிறகு யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. மூன்று வேளையும் ஏழு.

யார் ஆடுவது, யார் வீட்டுக்குப் போவது என்பதற்குச் சீட்டுக் குலுக்கினார்கள். ஒன்பதாம் எண் பட்டையும் ஆட்டமும் வெடிக்கு விழுந்தன. பதினான்காம் எண் மடிப்புக்கு. அவள் வீட்டுக்குப் போகிற கூட்டம். வெடி தலையில் கை வைத்துக்கொண்டாள். நாலரை மணி ஊழியர் பஸ்ஸை விட்டால் அவளுக்கு அடுத்த வண்டி ஆறு மணிக்குத்தான். அதற்குள் வீட்டில் மாமியாரும் பெண்களும் சண்டை போட்டுப் பூனைகளையே ஓட்டிவிடுவார்கள்.

"மாத்திக்கலாமா?" என்று மடிப்பு கேட்டாள். ஏன், உனக்கு ஆட ஆசையா என்று வெடி ஆச்சரியப்பட்டாள். சும்மாதான் என்றாள் மடிப்பு.

மாத்து என்பது அந்தக் கூடத்தில் நேற்று முளைத்த வழக்கம் இல்லை. ஒருத்திக்கு அவசரம் என்றால் இன்னொருத்தி அவள் ஷிஃப்டை எடுத்துக்கொள்வாள். எடுத்தால் அரைகுறையாக எடுக்கக் கூடாது. அவள் டோக்கனை மாட்டிக்கொள்ள வேண்டும், அவள் பங்கு டீயைக் குடிக்க வேண்டும், அன்றைக்கு அவளுக்கு விழ வேண்டிய திட்டையும் தலை குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். சூப்பர்வைசருக்கு எல்லாம் தெரியும். அவர் டோக்கனைத்தான் எண்ணுவார், முகத்தை இல்லை. ஆகவே இரண்டு பேரும் துணி வைக்கிற அறையில் பட்டைகளைக் கழற்றி மாற்றிக் கட்டிக்கொண்டபோது அது தப்பு என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஆய்வுக்காரப் பெண் மருத்துவமனையின் நாலாவது மாடியில் உட்கார்ந்து கோடுகளைப் பார்க்கிறவள். ஆட்டம் சொல்லித்தர வந்த பயிற்சியாளரோ பட்டையின் மேல் டேப்லெட்டைக் காட்டி எண்ணைப் பதிவார். ஒரே நீலச் சீருடையில் இருபது பெண்களில் யார் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சும்மாதான் என்று மடிப்பு சொன்னாளே, அதில் கொஞ்சம் விஷயம் இருந்தது.

அவள் வீட்டுக்காரர் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டியவர். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மழையில் வேன் சறுக்கிக் கவிழ்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு நெற்றியில் ஏழு தையல். ரொட்டிதான் ரோடு முழுக்கச் சிதறியது. தையல் பிரித்தார்கள், காயம் ஆறியது, கம்பெனியும் திரும்ப வரச் சொன்னது. அவர் போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை ஓடவில்லை என்றார். பிறகு அதையும் சொல்வதை நிறுத்திவிட்டார். பேச்சு குறைந்தது, நடமாட்டம் குறைந்தது. விபத்து நடந்து மூன்று மாதம் இருக்கும், ஒரு நாள் காலையில் டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "அன்னிக்கு வண்டியோட நானும் போயிருக்கலாம்." சொல்லிவிட்டு, பிஸ்கட் தீர்ந்துபோச்சா என்று கேட்டார்.

மடிப்பு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள். அந்த வாக்கியத்தைப் பற்றி அவரிடமும் கேட்கவில்லை, வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அவளிடம் போனில் "அப்பாவுக்கென்ன, நல்லாத்தான் இருக்கார்" என்பாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம் வந்தது. நாலாவது மாடி வீடு. லிஃப்ட் என்று ஒன்று பெயருக்கு இருக்கிறது. மாடிக்குப் பதினெட்டாக எழுபத்திரண்டு படி ஏறி, கதவுக்கு முன்னால் நின்று, பையில் சாவி தேடுவாள். உள்ளே டிவி சத்தம் கேட்கும். கதவைத் திறப்பாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவ்வளவுதான் வழக்கம். இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள்.

கூடத்துக்குப் பின்னால் பழைய நாளில் துணி காயப்போட்ட கொடிக் கம்பங்கள் இருந்தன. அவற்றில் வலையைக் கட்டினார்கள். முதல் வாரம் மடிப்பின் மட்டையும் பந்தும் சந்திக்கவே இல்லை. பயிற்சியாளர் பொறுமைசாலி; தலைக்கு மேல் பந்து வரும்போது விரிப்பு உதறுகிற மாதிரி மணிக்கட்டைச் சுண்டுங்கள் என்றார். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க ஆளில்லை. இருபத்தாறு வருடமாக விரிப்பை உதறிய கை. இறகுப்பந்து வலையைத் தாண்டிப் போய், எதிராளியின் காலடியில் மடித்து வைத்தது மாதிரி விழும். ஆடுகிற முக்கால் மணி நேரம் அவளுக்கு வேறு எதுவும் நினைவில் இருக்காது. எதுவும் நினைவில்லை என்பதும் அப்போது தெரியாது. மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பையை எடுக்கும்போதுதான் எல்லாம் ஒன்றொன்றாகத் திரும்பி வரும்.

ஆறாவது வாரம் பதினான்காம் எண்ணுக்குரியவரை நாலாவது மாடிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அவசர அவசரமாகக் கழிப்பறையில் பட்டையைத் திரும்ப மாற்றிக் கட்டிக்கொண்டு மடிப்பு மேலே போனாள்.

ஆய்வுக்காரப் பெண் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, பெரிய திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். கோடு அமைதியாக, ஆற்றோரம் நடப்பது போல் போனது. நாற்பது பேரில் மிக நிம்மதியான மனம் இதுதான் என்றாள். தூக்கம் எட்டு மணி நேரம். பகலில் சின்னச் சின்ன ஏற்றம், உடனே இறக்கம். எண் கேட்டால் ஒன்பது, பத்து. "நீங்க விளையாடவும் இல்ல. அப்படியிருந்தும் எப்படிம்மா இவ்ளோ நிம்மதியா இருக்கீங்க? உங்களால என் கணக்கே தலைகீழாப் போச்சு" என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள், பாவம்.

அந்த நிம்மதி வெடியுடையது என்று மடிப்புக்குத் தெரியும். சொன்னால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வோம் என்றும் தெரியும். என்னவாவது சொல்லியாக வேண்டுமே என்று, "விரிப்பு மடிப்பேன்" என்றாள். ஆய்வுக்காரப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். எழுதியதோடு நிற்காமல் சூப்பர்வைசரிடமும் சொல்லிவிட்டாள்.

மறுநாளிலிருந்து மடிப்பு அக்கா போய் நிம்மதி அக்கா வந்துவிட்டாள். டீ நேரத்தில் ஒவ்வொருத்தியாகப் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். மகன் சொன்ன பேச்சு கேட்கவில்லை, என்ன செய்ய? நாத்தனாரைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது, என்ன செய்ய? சூப்பர்வைசரே ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு, தனக்கு ஓய்வுபெற இரண்டு வருடம்தான் இருக்கிறது, நினைத்தால் பயமாக இருக்கிறது என்றார். இயந்திரம் சான்றிதழ் கொடுத்துவிட்டதே, இனி யாருக்குச் சந்தேகம் வரும்? மடிப்பு எல்லாரிடமும் "சரியாப் போயிடும்" என்றாள். அவர்களும் ஏதோ பெரிய விஷயம் கேட்டதுபோல் தலையாட்டிக்கொண்டு போனார்கள்.

அவளுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. ஊரே சொல்கிறதே, ஒருவேளை நாம் நிம்மதியாகத்தான் இருக்கிறோமோ என்று கூட நினைத்துப் பார்த்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அடித்தது. நிம்மதியாக அடிக்கிறதா, வேறு விதமாக அடிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இத்தனை வருடத்தில் இதை யாரும் சொல்லித்தரவில்லையே. ஒன்று மட்டும் அவள் மண்டையில் ஏறவில்லை. பதினான்காம் எண் வெடியின் மனம் என்றால், ஒன்பதாம் எண் யாருடையது, அது எப்படி இருக்கிறது? இதை நினைக்க வேண்டிய முதல் ஆள் அவள்தான். அந்தப் பக்கமே அவள் திரும்பவில்லை. ஏழுதானே போடுகிறோம், அதற்கென்ன என்று இருந்துவிட்டாள்.

ஏழாவது வாரம் ஒன்பதாம் எண்ணுக்கு அழைப்பு வந்தது. இந்தத் தடவை வெடி பட்டை மாற்றிக் கட்டிக்கொண்டு போனாள். போனவள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். என்னவாம் என்று மடிப்பு கேட்டதற்கு, கையெழுத்து வாங்கினார்கள் என்றாள். வந்து மூலையைப் பிடித்தாள். அன்றைக்கு அவள் ஒரு தடவை கூடச் சிரிக்கவில்லை.

மறுநாளும் சிரிக்கவில்லை. காலைப் புலம்பலும் இல்லை. மடிப்பு குழம்பிப்போனாள். விரிப்போடு எதிரே நடந்து வரும்போதெல்லாம் வெடி அவள் முகத்தையே பார்த்தாள். மூலை மாறும்போது விரல்களை ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துவிட்டு விட்டாள். டீயில் தன் பங்கு பன்னையும் இவள் பக்கம் தள்ளினாள். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மடிப்பு கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். அது மடிப்பின் பதில். அவள் வாயிலிருந்து வந்தபோது என்னவோ போல் இருந்தது. நடு நடுவே சம்பந்தமில்லாத கேள்விகள் வேறு. உன் வீடு எத்தனாவது மாடி? லிஃப்ட் ரிப்பேர் ஆச்சா? நீ வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன பண்ணுவே?

மடிப்பு தன் பங்குக்கு யோசித்தாள். நிம்மதிக்காரி என்ற பெயர் தனக்கு வந்ததில் வெடிக்கு வருத்தமோ? நியாயம்தானே, அது அவள் நிம்மதி. இல்லை, உடம்புக்கு ஏதாவது கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார்களோ? இந்த நினைப்பு வந்ததும் மடிப்புக்குச் சோறு இறங்கவில்லை. வெடிக்கு ஏதோ வந்துவிட்டது, சொல்லாமல் மறைக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டாள். அவளை எப்படிக் கேட்பது என்று மூன்று நாள் தவித்தாள்.

நாலாவது நாள் ஆட்டம் முடிந்து மட்டையை வைக்கும்போது, கொடிக் கம்பத்தில் சாய்ந்து வெடி நின்றிருந்தாள். நாலரை பஸ் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"இன்னிக்கு ஒன் வீட்டுக்கு வரேன்க்கா" என்றாள்.

பன்னிரண்டு வருடத்தில் அவள் இப்படிக் கேட்டதில்லை. சரி, வீட்டில் வைத்துச் சொல்லப்போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். நிறுத்தத்தில் இறங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். படி ஏறத் தொடங்கியதும் பின்னால் வெடி ஏதோ முணுமுணுப்பது கேட்டது. இரண்டாவது மாடி திரும்பும்போதுதான் புரிந்தது. படியை எண்ணிக்கொண்டு வந்தாள். முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு.

"எதுக்குடி எண்ணுறே?" என்றாள் மடிப்பு. வெடி எண்ணிக்கொண்டே வந்தாள்.

எழுபத்திரண்டில் கதவு வந்தது. மடிப்பு வழக்கம்போல நின்று பைக்குள் கையை விட்டாள். கைக்குட்டை, சாப்பாட்டு டப்பா, குடை. விரல்கள் தேடிக்கொண்டிருந்தன. உள்ளே சத்தம் எதுவும் இல்லை. தேடினாள். பக்கத்து வீட்டில் குக்கர் கூவி அடங்கியது. இன்னும் சத்தமில்லை. பைக்குள் கை அப்படியே நின்றுவிட்டது.

வெடி அவள் கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றை இரண்டு விரலால் மெல்ல இழுத்தாள். கயிற்றின் நுனியில் சாவி தொங்கியது. டோக்கனோடு சேர்த்து அதை அவள் கழுத்தில் மாட்டிக்கொண்டு எத்தனையோ வருடமாகிறது.

"சாவி இங்க இருக்கு. நீ என்னக்கா தேடுறே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

மடிப்பு சாவியைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். அவளுக்கே தெரியவில்லை. தினமும் இப்படித்தான் தேடியிருக்கிறாளா? ஒன்றேகால் வருடமாக இல்லாத சாவியையா பைக்குள் துழாவியிருக்கிறாள்?

ஆய்வுக்காரப் பெண் கொடுத்திருந்த தாள் ஒன்றை வெடி தன் பையிலிருந்து எடுத்துப் பிரித்தாள். ஒன்பதாம் எண் என்று மேலே போட்டிருந்தது. கோடு நாள் முழுக்க மேலேயே போனது. மாடிப்படி ஏறுகிற ஆளுக்கு இருப்பது போல. ஆடுகிற நேரத்தில் உடம்பு நிஜமாக ஓடும்போது மட்டும், துடிப்பு ஏறினாலும் பதற்றத்தைக் காட்டும் கோடு இறங்கிப் படுத்திருந்தது. பிறகு ஆறேகாலுக்குச் செங்குத்தாக ஓர் ஏற்றம். ஆட்டம் இல்லாத நாளில் அதே ஏற்றம் ஐந்தேகாலுக்கு, இன்னும் உயரமாக. அதன் பக்கத்தில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: எழுபத்திரண்டு படி, பிறகு அசையாமல் இரண்டு நிமிடம்.

"என்னையத்தான் கூப்பிட்டு ஒக்கார வச்சுக் கேட்டாங்க" என்றாள் வெடி. "வீட்டுக் கதவு முன்னாடி ஒங்களுக்கு என்ன பயம், புருஷன் அடிப்பாரான்னு. எம் புருஷன் என்னப் பாத்தாத்தான் பயப்படுவாரு. ஆனா அத எப்படிச் சொல்ல? மாத்துல வந்தது, நான்தானே வாங்கிக்கணும்? ஆமா, பயம்தான்னு சொன்னேன். என்ன பயம்னாங்க. எனக்குத் தெரியல. தெரியாமலே ஒக்காந்து அழுதுட்டு வந்தேன்."

மடிப்பு வாயைத் திறந்தாள். எனக்கென்ன என்று தொடங்கத்தான் பார்த்தாள். அது வரவில்லை. "டிவி சத்தம் கேக்கல" என்றாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நாள் சொன்னாருடி. வண்டியோடயே போயிருக்கலாம்னு. அதுலேர்ந்து கதவத் தெறக்க முடியல. சத்தம் கேட்டா இருக்காருன்னு அர்த்தம். இன்னிக்குக் கேக்கல."

வெடி அவள் கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியை எடுக்கப் போனாள். அதற்குள் கதவு உள்ளிருந்து திறந்தது.

அவர்தான் நின்றிருந்தார், கையில் ரிமோட்டோடு. இரண்டு பெண்களையும் பார்த்துக் குழம்பி நின்றார்.

"ரெண்டு பேரு நடக்குற சத்தம் கேட்டுது" என்றார் கடைசியில், மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி. "வேற யாரோன்னு நெனச்சுப் போடாம இருந்துட்டேன்."

"எதப் போடாம?" என்றாள் வெடி.

"டிவிய." ரிமோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இவ படியேறி வர்றது கேட்டா போடுவேன். போட்டாத்தான் உள்ள வருவா. இல்லன்னா அங்கேயே நின்னுக்கிட்டு இருப்பா. ஒரு நாள் ரிமோட்டு கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. எடுக்குற வரைக்கும் நின்னா, பாவம்."

மடிப்புக்கு இதைப் பிரித்துப் புரிந்துகொள்ள நேரம் பிடித்தது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் ஒன்றேகால் வருடம் கதவைத் திறந்தாள். அது அவர் நன்றாக இருப்பதற்கு அடையாளமே இல்லை. அவளுக்காகப் போட்ட சத்தம். அப்படியானால் பகலெல்லாம் அவர் சத்தமில்லாத வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவள் காலடிக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பயப்படுவதா, ஆறுதல் கொள்வதா என்று அவளுக்கு விளங்கவில்லை. கோபம் கூட வந்தது.

"ஏங்க, நான் ஏன் நிக்கிறேன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"தெரியும்." அவர் நெற்றித் தழும்பைத் தடவினார். "அன்னிக்கு அதச் சொல்லியிருக்கக் கூடாது. எப்படித் திருப்பி வாங்கறதுன்னு தெரியல."

அந்த நேரம் பார்த்து அவள் மணிக்கட்டில் பட்டை நடுங்கியது. பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை வரிசையாக எண்கள் எரிந்தன. மடிப்பின் விரல் பழக்கத்தில் ஏழுக்குப் போய், மேலேயே நின்றது. என்ன போட என்று வெடியைப் பார்த்தாள், பட்டை அவளுடையதாயிற்றே. வெடி தெரியாது என்று தலையாட்டினாள். மடிப்பு மூன்றைத் தொட்டாள். தொட்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாசற்படியில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அவர் ரிமோட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். டீ போடுகிறேன் என்று வெடி தானாகவே சமையலறையைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் நாலாவது மாடிக்குப் போய்ப் பட்டைகளை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார்கள். ஆய்வுக்காரப் பெண் ஒன்பதைப் பார்த்தாள், பதினான்கைப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஏழு வாரக் கணக்கு போயிற்று என்றாள். பிறகு ஒன்பதாம் எண்ணின் கோட்டை மறுபடி திரையில் போட்டு, மடிப்பைப் பக்கத்தில் உட்காரவைத்து, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். விதிப்படி இரண்டு பேரையும் ஆய்விலிருந்து எடுக்க வேண்டியிருந்தது; எடுத்துவிட்டாள். விளையாட வராதே என்று விதியில் இல்லை என்பதையும் அவளே சொன்னாள். கீழே மருத்துவமனையில் மனதுக்குப் பார்க்கிற டாக்டர் எந்த அறையில், எந்தக் கிழமை இருப்பார் என்று ஒரு சீட்டில் எழுதி மடிப்பிடம் கொடுத்தாள். உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்து நேரம் கேளுங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

கூடத்தில் நிம்மதி அக்கா என்ற பெயர் அன்றோடு வெடிக்குப் போனது. எனக்கு எதுக்கு இந்த வம்பு என்று வெடி சிரித்தாள். இஸ்திரி உருளைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அன்று ஆட்ட நாள். மடிப்பு எண் எதுவும் இல்லாமல் ஆடினாள். பயிற்சியாளர் டேப்லெட்டை நீட்டி, பட்டை இல்லாத வெறும் கையைப் பார்த்துவிட்டு, பந்தைப் போட்டார்.

சாயங்காலம் எழுபத்திரண்டு படி ஏறி வந்து கதவுக்கு முன்னால் நின்றாள். உள்ளே டிவி ஓடவில்லை. பைக்குள் கையை விடாமல், கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு அடித்தது. எப்படி அடித்தது என்று இன்றைக்கு எந்தத் திரையிலும் கோடு விழவில்லை.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"தெறந்துதான் இருக்கு. வா."